இரத்த வகை மட்டும் பொருந்தினால் போதாது: சிறுநீரக மாற்றத்தில் உடலின் பழைய நினைவு

ஆசிரியர் அவர்களுக்கு,

"சிறுநீரகம் தேவை. இரத்த வகை ஓ பொசிட்டிவ். உதவ விரும்புவோர் தொடர்பு கொள்ளவும்." இப்படியான அறிவித்தல்கள் பத்திரிகைகளிலும் முகநூலிலும் நகரத்துச் சுவர்களிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஏ, பி, ஓ வகை ஒத்துப்போக வேண்டும் என்பது சரி. 'பொசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற பகுதியோ இரத்தம் ஏற்றும்போதுதான் முக்கியம். சிறுநீரக மாற்றத்தில் அதைப் பொருட்படுத்துவதில்லை. இந்தத் தேவையில்லாத சொல் ஒவ்வொரு அறிவித்தலிலும் இருக்கிறது. நோயாளிக்கு முன்பு இரத்தம் ஏற்றினார்களா, பெண்ணாயின் எத்தனை முறை கருவுற்றார், ஏற்கனவே ஒரு சிறுநீரகம் பொருத்தப்பட்டதா என்ற மூன்று கேள்விகளும் அறிவித்தலிலும் இல்லை, பல வீடுகளில் பேச்சிலும் இல்லை. மாற்றிய சிறுநீரகம் நிலைக்குமா என்பதில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு. அதைப் பற்றியே எழுதுகிறோம்.

நம் உடற்குழியங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. 'இது என்னுடையது, இது அந்நியம்' என்று வெண்குழியங்கள் பிரித்தறிய உதவுபவை இவை. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது நிறமூர்த்தத்தில் ஒன்றாக அமைந்திருப்பதால், பெரும்பாலும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் அப்படியே பிள்ளைக்கு வந்து சேரும். ஆகவே தாய்க்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதிப் பொருத்தம். கூடப்பிறந்த இருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்பு, பாதி அமைய நாலில் இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் போக நாலில் ஒன்று. "சொந்தத் தம்பிதானே, பொருந்தாமலா போகும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்நிய எச்.எல்.ஏ.யை உடல் ஒருமுறை சந்தித்தால் அதை மறப்பதில்லை. 1943இல் கிளாஸ்கோவில் தீக்காயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தபோது, முதல் தடவை ஒட்டியதைவிட இரண்டாம் தடவை ஒட்டியது விரைவாக அழிந்ததை சத்திரசிகிச்சை நிபுணர் கிப்சனும் உயிரியலாளர் பீற்றர் மெடாவரும் பதிவு செய்தனர். அந்நியத் தோலை உடல் தள்ளுவது நிர்ப்பீடனம் எனப்படும் நோயெதிர்ப்பு அமைப்பின் வேலை, அதற்கு நினைவும் உண்டு என்று முயல்களில் தொடர்ந்து நிறுவிய மெடாவருக்கு, உடல் அந்நியத்தைச் சகித்துக்கொள்ளப் பழகுவது பற்றிய பிந்திய ஆய்வுக்காக 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மைத் தடுப்பூசி நீண்ட காலம் காப்பதும் இதே நினைவினால்தான். நோய்க் கிருமிக்கு எதிராக வரமாக இருப்பது, பொருத்தப்பட்ட உறுப்புக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இந்த நினைவு மூன்று வடிவில் உடலில் தங்குகிறது. என்பு மச்சையில் குடியேறிப் பல ஆண்டுகள் பிறபொருளெதிரிகளை (அந்நியப் பொருளைப் பிடித்துத் தாக்கும் புரதங்களை) சுரந்துகொண்டே இருக்கும் பிளாஸ்மாக் குழியங்கள் ஒன்று. எதையும் சுரக்காமல், பழைய எதிரி மீண்டும் வந்தால் சில நாட்களுக்குள் பெருகிவிடும் நினைவு பி குழியங்கள் இரண்டாவது. நேரடியாகத் தாக்கும் நினைவு ரி குழியங்கள் மூன்றாவது. பரிசோதனைக்கூடத்தில் எளிதாக அகப்படுவது முதலாவதின் விளைவான பிறபொருளெதிரி மட்டுமே. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

பிறபொருளெதிரியைச் சோதிக்காமல் பொருத்தினால் என்ன நடக்கும் என்பதை 1969இல் பட்டேல், தெரசாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு காட்டியது. நோயாளியின் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கொடையாளரின் வெண்குழியங்களைக் கொன்ற 30 சந்தர்ப்பங்களில் 24 சிறுநீரகங்கள் உடனேயே செயலிழந்தன. கொல்லாத 195 சந்தர்ப்பங்களில் அப்படிப் போனவை 8. அன்றிலிருந்து, நோயாளியின் சீரத்தைக் கொடையாளரின் குழியங்களோடு சேர்த்துப் பார்க்கும் 'கிராஸ்மேட்ச்' சோதனை இல்லாமல் சிறுநீரக மாற்றம் செய்வதில்லை. சத்திரசிகிச்சை மேசையிலேயே சிறுநீரகம் நீலம் பாரித்துப் போகும் உடனடி நிராகரிப்பு இன்று அரிதாகிவிட்டதற்கு இச்சோதனைதான் காரணம்.

ஆனால் கிராஸ்மேட்ச் 'நெகட்டிவ்', அதாவது எதிர்ப்பு தென்படவில்லை, என்று வந்தால் ஆபத்து முற்றாக நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன்னைய பிரசவத்திலோ விபத்திலோ உண்டான பிறபொருளெதிரி இப்போது அளவிட முடியாத மட்டத்துக்குக் குறைந்திருக்கலாம். நினைவு பி குழியங்களோ நீறுபூத்த நெருப்பாக இருக்கும். அதே எச்.எல்.ஏ. கொண்ட சிறுநீரகம் உள்ளே வந்ததும் முதல் இரண்டு வாரங்களுக்குள் பிறபொருளெதிரி மளமளவென்று ஏறும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சிறுநீரின் அளவு குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் ஏறும், சிலருக்கு இரத்த அழுத்தமும் கூடும். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்துச் சோதித்தால் நுண்குழாய்களில் அழற்சியும் பல வேளைகளில், பிறபொருளெதிரி தாக்கியதன் தடயமான சி4டி என்ற புரதப் படிவும் தெரியும். இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்லக்கூடியது பெரும்பாலும் நோயாளியின் வாய்மொழி வரலாறுதான். எந்த இயந்திரமும் அதை முழுமையாகக் கண்டுபிடிக்காது.

பெண்களின் விடயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் பாதி எச்.எல்.ஏ. தந்தையுடையது. கர்ப்பகாலத்திலும் சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) பிரியும் நேரத்திலும் பிள்ளையின் குழியங்கள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. தாயின் உடல் அவற்றை அந்நியமாகப் பதிந்து வைக்கிறது. பிறகொரு நாள் அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கணவர் "என்னுடையதைத் தருகிறேன்" என்று முன்வரும்போது, அவர் தருவது அவளுடைய உடல் ஏற்கனவே பார்த்துவைத்த அதே புரதங்களை. மகனோ மகளோ கொடுத்தாலும் தந்தைவழிப் பாதியால் இதே கதைதான். அதற்காகக் கணவரும் பிள்ளைகளும் கொடுக்கவே முடியாது என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். எத்தனையோ பெண்களுக்குப் பிரசவத்தின் பின் இவ்வகைப் பிறபொருளெதிரி உருவாவதே இல்லை. ஆனால் அப்பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர்களும் இருந்தால், கணவரோடு நின்றுவிடாமல் அவர்களையும் பரிசோதனைக்கு அழைப்பது புத்தி.

கருச்சிதைவும் கருக்கலைப்பும் கர்ப்பக் கணக்கில் சேரும். முந்தைய திருமணத்தில் உண்டான கருவும் சேரும். மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்கும்போது "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் "இரண்டு" என்ற பதிலோடு விடயம் முடிந்துவிடும். வரலாறு எடுக்கும் தாதியரும் வைத்தியரும் பெண்ணைத் தனியே வைத்து, "எத்தனை தடவை வயிற்றில் தங்கியது?" என்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டிய பெண்களும், அது கிளினிக் கொப்பிக்கு வெளியே போகாது என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாவது சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது இரத்தம். டயலிசிஸ் செய்யும் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கியதும், "ஒரு பைன்ட் ஏற்றிவிட்டால் தெம்பு வரும்" என்று உறவினரே வற்புறுத்துவது உண்டு. ஒரு பை செங்குழியம் ஹீமோகுளோபினை ஏறத்தாழ ஒரு கிராம்தான் உயர்த்தும். அதுவும் சில வாரங்களுக்கு. அதற்கு விலையாக, முன்பின் தெரியாத ஒருவரின் எச்.எல்.ஏ.க்கு எதிரான நினைவு ஆயுளுக்கும் தங்கிவிடக்கூடும். வெண்குழியங்களை வடிகட்டிய இரத்தம் இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தம் வேறொரு சிக்கலைத் தடுப்பதற்கானது. இந்த விடயத்தில் அதனால் பயனில்லை. குருதிச் சிறுதட்டுகளிலும் எச்.எல்.ஏ. உண்டு. 2017இல் கிண்ணியாவையும் மூதூரையும் டெங்கு உலுக்கியபோது சிறுதட்டு ஏற்றப்பட்டவர்கள் யாராவது இப்போது சிறுநீரக கிளினிக்கில் இருந்தால், அதையும் சொல்லியாக வேண்டும். யுத்த காலத்தில் காயப்பட்டு இரத்தம் பெற்றவர்களுக்குப் பதிவு எதுவும் கையில் இருக்காது. காயத்தின் தழும்பையும் வருடத்தையும் சொன்னாலே போதும்.

இரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க வழி இருக்கிறது. இரும்புச்சத்தை முதலில் நிரப்ப வேண்டும்: டயலிசிஸ் நோயாளிக்கு அயன் சுக்குரோஸ் என்ற இரும்பு ஊசிமருந்தை ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம் வீதம் பத்துத் தடவைகளில் 1,000 மில்லிகிராம் கொடுப்பது வழக்கமான முறை. இரும்பு இல்லாமல், செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெற்றின் ஊசியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். இரும்பு போதிய அளவில் இருந்தும் ஊசி வேலை செய்யாவிட்டால் மறைந்திருக்கும் கிருமித்தொற்று, போதாத டயலிசிஸ், குடலில் மெல்லிய இரத்தக்கசிவு ஆகியவற்றைத் தேட வேண்டும். ஹீமோகுளோபின் 10க்கும் 11.5க்கும் இடையில் நின்றால் போதும். டயலிசிஸ் அலகில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, முடிவில் குழாய்களிலுள்ள இரத்தத்தை முழுமையாக உடலுக்குத் திருப்புவது. இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பரின் மருந்து போதாமல் வடிகட்டி உறைந்துபோனால் ஒரே நாளில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வீணாகலாம். அப்படி மாதத்துக்கு இருமுறை நடந்தால் எந்த ஊசியும் ஈடுகட்டாது.

இதை வாசித்துவிட்டு யாரும் அவசரத்தில் இரத்தத்தை மறுத்துவிட வேண்டாம். இரத்தப்போக்கு இருந்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் இரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். உயிர் இருந்தால்தானே சிறுநீரக மாற்றம். நாங்கள் சொல்வது, நடந்து திரியும் நோயாளிக்குச் சற்றுச் சோர்வு என்பதற்காக ஏற்றப்படும் இரத்தத்தை.

பரிசோதனை பற்றிச் சில நடைமுறை விடயங்கள். எச்.எல்.ஏ. வகை பார்ப்பதும் கிராஸ்மேட்சும் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையம் போன்ற சில இடங்களில்தான் நடப்பதால், திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறார்கள். விளங்கக்கூடிய ஆசைதான், ஆனால் சில விடயங்களில் அவசரம் கெடுத்துவிடும். இரத்தம் ஏற்றியபின் பிறபொருளெதிரி உருவாகக் காலம் எடுக்கும். ஏற்றி மூன்றாம் நாளே சோதித்து "இல்லை" என்று வந்தால் அதற்குப் பெறுமதியில்லை. குறைந்தது இரண்டு வாரம் கழித்து மீண்டும் சீரம் எடுக்க வேண்டும். கிராஸ்மேட்ச் முடிந்து சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இரத்தம் ஏற்றினால், பழைய அறிக்கை செல்லாது. சொந்த ஊர் வைத்தியசாலையில் ஏற்றியதைக் கண்டியிலோ கொழும்பிலோ மாற்றுச் சிகிச்சை செய்யும் நிலையத்துக்கு அறிவிப்பது நோயாளியின் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கிராஸ்மேட்சுக்கு எடுக்கும் கொடையாளரின் வெண்குழியங்கள் உயிருடன் கூடத்தைச் சேர வேண்டும். அந்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் குழியங்கள் கெட்டுவிடும். அறை வெப்பநிலையில், வெயிலும் வாகனச் சூடும் படாமல், தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். நோயாளிக்கு, பி குழியங்களை அழிக்கும் ரிற்றுக்சிமாப் ஊசி கொடுக்கப்பட்டிருந்தால் பி குழியச் சோதனை பொய்யாக 'பொசிட்டிவ்' காட்டும். லூப்பஸ் போன்ற நோயுள்ளவரின் சீரம் தன் சொந்தக் குழியங்களையே கொல்லக்கூடும் என்பதால், அவருடைய குழியங்களோடும் ஒரு சோதனை செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பி.ஆர்.ஏ. 80 வீதம் என்று அறிக்கையில் இருந்தால், நூறு கொடையாளர்கள் வந்தாலும் ஏறக்குறைய எண்பது பேருக்கு எதிராக அந்த நோயாளியிடம் ஏற்கனவே பிறபொருளெதிரி இருக்கிறது என்று பொருள். சிறுநீரகம் 80 வீதம் பழுது என்று அதை வாசித்துப் பயந்தவர்கள் உண்டு.

கிராஸ்மேட்ச் 'பொசிட்டிவ்' என்று வந்துவிட்டால்? முதல் வேலை வேறு கொடையாளரைத் தேடுவது. இதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்துடன் கொடையாளரை மாற்றிக்கொள்ளும் முறை உலகின் பல நாடுகளில் இருக்கிறது; இங்கும் அது பரவலாக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பிளாஸ்மாவை மாற்றி, இம்யுனோகுளோபுலின் ஏற்றி, ரிற்றுக்சிமாப் கொடுத்துப் பிறபொருளெதிரியைக் குறைத்தும் பொருத்தலாம். ஆனால் இம்முறை இரத்தத்திலுள்ளதைக் கழுவுகிறதே தவிர, என்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மாக் குழியங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. பிளாஸ்மாக் குழியத்தின் மேற்பரப்பில் ரிற்றுக்சிமாப் பிடிக்கும் சிடி20 என்ற குறி கிடையாது. அதனால் சில வாரங்களில் அளவு திரும்ப ஏறும். கிருமித்தொற்றும் செலவும் கூடும். காணியை ஈடு வைத்து இதில் இறங்க முன் இன்னொரு உறவினரைப் பரிசோதிப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பது மேல்.

ரி குழிய நினைவு பற்றிச் சுருக்கமாக: இதற்கு முன்பு இரத்தமோ கர்ப்பமோ இருந்திருக்கவே தேவையில்லை. பலரையும் தொற்றும் பொதுவான எப்ஸ்ரைன்-பார் வைரசுக்கு எதிராகப் பழகிய சில ரி குழியங்கள் எச்.எல்.ஏ.-பி44 என்ற அந்நியப் புரதத்தையும் அடையாளம் கண்டு தாக்குவது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. எந்த நெருக்கமான பொருத்தத்திலும் மருந்து ஏன் ஆயுளுக்கும் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காகத் தடுப்பூசியைத் தவிர்ப்பது பிழை. ஹெபட்டைட்டிஸ்-பி ஊசியை டயலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை மாற்றத்துக்குப் பின் போட முடியாது என்பதால் அவற்றையும் முன்கூட்டியே கேட்டு முடிக்க வேண்டும்.

மாற்றம் முடிந்தபின் புதிய நினைவு உருவாகாமல் காப்பது மாத்திரைகள். டக்ரோலிமஸ், மைக்கோபினோலேற், பிரெட்னிசொலோன் என்ற மூன்றில் நிர்வகிக்கக் கடினமானது டக்ரோலிமஸ். அதன் இரத்த அளவை, முந்தைய வேளை மாத்திரை எடுத்து 12 மணித்தியாலம் கழித்து, அடுத்ததை விழுங்கும் முன் பார்க்க வேண்டும். இங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ கிளினிக் போகிறவர்கள் விடியற்காலைப் பஸ்ஸுக்கு முன் மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். மாத்திரை எடுத்த ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் அளவு உச்சத்தைத் தொடும். அதன் பின்னும் பல மணித்தியாலம் உயர்ந்தே நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு ஊசி குத்தினால் அறிக்கை பொய்யாக உயர்ந்து காட்டும். வைத்தியர் அதை நம்பி மருந்தைக் குறைப்பார். குறைந்த மருந்தோடு வீடு திரும்பியவரின் உடலில் அடுத்த சில மாதங்களில் புதிய பிறபொருளெதிரி உருவாகலாம். கிளினிக் நாளில் காலை மாத்திரையைப் பையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்தபின் விழுங்குங்கள். முதல் நாள் இரவு வேளையை அதற்கேற்ப ஒன்பது மணியளவில் வைத்துக்கொண்டால் கணக்கு சரிவரும். முதல் மூன்று மாதங்களில் மில்லிலீற்றருக்கு 8 முதல் 10 நனோகிராம், பின்னர் 5 முதல் 8 என்ற வரம்பில் பல நிலையங்கள் வைத்திருக்கின்றன; உங்கள் இலக்கை உங்கள் வைத்தியரே சொல்வார்.

அளவைக் குலைப்பவை வேறும் உண்டு. சளிக்காகத் தனியார் மருந்தகத்தில் வாங்கும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான புளுகொனசோல், அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவை அதை ஏற்றும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிற்றோயின் இரண்டும் பாதாளத்துக்கு இறக்கும். கிரேப் புரூட்டும் பம்பளிமாசும் ஏற்றும் என்பதால் வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் மருந்து வெளியேறிவிடும் என்று எண்ணி இரட்டிப்பு மாத்திரை போடுவோர் உண்டு. வயிற்றோட்டத்தில் டக்ரோலிமஸ் அளவு பெரும்பாலும் கூடத்தான் செய்யும். கடையில் இருந்த ஒரு கம்பனி மருந்து தீர்ந்து வேறு கம்பனியினது கிடைத்தால், வாங்கி வையுங்கள், ஆனால் கிளினிக்குக்கு அறிவித்து அளவை மீண்டும் பாருங்கள். 'நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் கசாயங்களும் தூள்களும் இவர்களுக்கு ஆகாது. இவர்கள் மருந்தெடுப்பதே அந்தச் சக்தியை அடக்கத்தான்.

நோன்பும் விரதமும் தனியே பேச வேண்டியவை. றமழானில் ஸஹருக்கும் இப்தாருக்கும் இடையில் பதினாலு மணித்தியாலம் வரை வரும். மறுபக்கம் பத்துத்தான் மிஞ்சும். கந்தசஷ்டியில் தண்ணீரும் குடிக்காமல் இருப்போருக்கு மருந்து நேரத்தோடு நீரிழப்பும் சேரும். நோற்க விரும்பினால் ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் பேசி அளவு பார்த்துத் தொடங்க வேண்டும். முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. குழந்தை பெற விரும்பும் பெண்கள் மைக்கோபினோலேற்றை வைத்திய ஆலோசனையுடன் குறைந்தது ஆறு வாரம் முன்பே மாற்ற வேண்டும். தாமாக நிறுத்தினால் சிறுநீரகமும் போகலாம்.

பொருத்திய சிறுநீரகம் பழுதாகி மீண்டும் டயலிசிஸுக்கு வந்தவர்கள் "இனி எதற்கு இந்த மாத்திரை?" என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கியெறிவது வழக்கம். அப்படி நிறுத்தும்போதுதான் அந்தப் பழைய சிறுநீரகத்துக்கு எதிரான நினைவு பெருமளவில் விழித்து, பி.ஆர்.ஏ. உச்சிக்கு ஏறி, இரண்டாம் மாற்றத்தின் கதவு மூடுகிறது. வேறு கொடையாளர் இருந்தால், மருந்தை எவ்வளவு காலம், எந்த அளவில் தொடர்வது என்பதை வைத்தியருடன் முடிவு செய்ய வேண்டும். முதல் கொடையாளரின் எச்.எல்.ஏ. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அதே பொருந்தாமை மறுபடி வராமல் பார்க்க அது தேவைப்படும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீரகம் தேவை என்ற அறிவித்தல்களைப் பிரசுரிக்கும்போது, விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்ற வரியோடு, "முதலில் கூடப்பிறந்தவர்களைப் பரிசோதியுங்கள்" என்ற வரியையும் சேர்க்க முடியுமா? வாசகர்களிடம் இன்னொன்று. ஒரு முழுத்தாளில் இரத்தம் அல்லது சிறுதட்டு ஏற்றிய ஒவ்வொரு வருடத்தையும் வைத்தியசாலையையும், கர்ப்பங்களின் எண்ணிக்கையை, கலைந்தவை உட்பட, முன்னைய மாற்றத்தையும் எழுதி, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நிரப்பி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். கண்டியிலும் கொழும்பிலும் இரவு வேளையில் அந்தக் கொப்பியைத் திறப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பராமரிப்பிலும் இரத்தப் பரிசோதனையிலும் பணிபுரிவோர் சிலர்,
திருகோணமலை.